மலைக்கு ஊட்டிய வெல்லம்

மானுடவியல் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க ஏழு காகிதங்கள் கேட்டிருந்தார்கள். பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்று, இரண்டு பரிந்துரைக் கடிதங்கள், ஆராய்ச்சித் திட்டம், கடைசியாக 'நான் ஏன் மானுடவியல் படிக்க விரும்புகிறேன்' என்று ஒரு பக்கக் கடிதம். அந்த ஒரு பக்கத்தில்தான் முதலில் மாட்டிக்கொண்டேன்.

உண்மையான காரணம் ஒரு வரிதான். பதிமூன்று வயதிலிருந்து என்னிடம் ஆட்கள் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சாவதற்குள் ஒரு தடவையாவது கேட்கிற பக்கம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இதை அப்படியே எழுதினால் திமிர் பிடித்தவள் என்பார்கள். அதனால் 'பழங்குடிப் பெண்களின் அறிவு மரபுகளில் எனக்கு ஆழ்ந்த ஈடுபாடு உண்டு' என்று எழுதி வைத்தேன். இந்த மாதிரி வாக்கியங்கள் எனக்குச் சரளமாக வரும். இருபத்திரண்டு வருடமாக அவற்றைக் காதில் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் பாஸ்குவாலா. ஊர் சாக்தோன். சான் கிறிஸ்தோபல் நகரத்திலிருந்து வேனில் ஒன்றரை மணி நேரம், அப்புறம் மலையேற்றம். எங்கள் மலையில் கோழி இல்லாத வீடு உண்டு. மானுடவியல்காரர் வந்து போகாத வீடு கிடையாது. நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. படிப்பு உதவித்தொகைக்கு வயது வரம்பு முப்பத்தைந்து. எனக்கு அக்டோபரில் முப்பத்தாறு முடிகிறது. இந்த வருடம் விட்டால் விட்டதுதான்.

எல்லாம் சிக்ரிட்டில் ஆரம்பித்தது. டாக்டரா சிக்ரிட் நார்வேக்காரர்; முனைவர் பட்டம் வாங்கிய பெண்களை எங்கள் பக்கம் டாக்டரா என்போம். எண்பத்தாறாம் வருடம் முதுகுப்பை சகிதம் எங்கள் வீட்டுப் பின்னறையில் வந்து தங்கினார். ஒன்றரை வருடம் இருந்தார். நான் அப்போதுதான் விடுதிப் பள்ளியிலிருந்து திரும்பியிருந்தேன். ஊர்ப் பெண்களில் ஸ்பானிஷ் பேசத் தெரிந்த ஒரே ஆள் நான். அதனால் அவருடைய நாக்கு ஆனேன். அவர் ஸ்பானிஷில் கேட்பார், நான் எங்கள் த்ஸோத்ஸில் மொழியில் கேட்பேன், பதிலை ஸ்பானிஷில் திருப்பிச் சொல்வேன், அவர் நீல நோட்டில் எழுதுவார். ஊரை விட்டுப் போவதற்கு முன் என் தங்கையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றார். அன்றிலிருந்து அவரும் என் அம்மா லொரென்சாவும் ஒருவருக்கொருவர் கொமாத்ரெ. கூடப்பிறந்தவளிடம்கூடச் சண்டை போடலாம், கொமாத்ரெயிடம் முகம் சுளிக்கக்கூடாது.

அந்த வருடங்களில் வியாழக்கிழமை தோறும் எங்கள் ஊர்ப் பெண்கள் முதுகில் வெல்ல மூட்டையைக் கட்டிக்கொண்டு மேலே குகைக்குப் போவார்கள். வெள்ளிக்கிழமை பிளாஸ்டிக் கேன்களோடு இறங்குவார்கள். சிக்ரிட் இதைப் பார்த்துவிட்டார்.

"எதுக்குக் குகைக்குள்ள வெல்லம் கொண்டு போறாங்கன்னு கேளு" என்றார்.

நான் கேட்டேன். அத்தனை பேரும் அம்மா முகத்தைப் பார்த்தார்கள். குகைக்குள் இருந்தது சாராய அடுப்பு. வெல்லமும் சோளமும் கோதுமைத் தவிடும் சேர்த்து ஊறல் போட்டு, செம்புக் குழாயில் இறக்கினால் அதுதான் போஷ். புருஷன்கள் காப்பித் தோட்டத்துக்குப் போய்த் திரும்பாத பதினோரு வீடுகள் அந்த அடுப்பில்தான் சாப்பிட்டன. எங்கள் வீடும் அதில் ஒன்று. கலால்காரர்கள் மாதம் ஒரு முறை மலையேறி வந்து மோப்பம் பிடித்துக்கொண்டிருந்த காலம்.

அம்மா கண்ணைக்கூட இமைக்கவில்லை. "மலைக்குள்ள ஒரு அம்மா இருக்கா. அவளுக்கு இனிப்பு ஊட்டலேன்னா மழை வராது, சோளம் பிடிக்காது" என்றாள்.

பக்கத்தில் இருந்த மானுவேலா சின்னம்மாவுக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது. "அவளுக்குப் பல்லு கிடையாதுடி. அதனாலதான் வெல்லம்னு சொல்லு" என்றாள்.

பல் இல்லாதது உட்பட எல்லாவற்றையும் நான் ஸ்பானிஷில் சொன்னேன். கேன்களில் என்ன என்று அடுத்த கேள்வி வந்தது. "அவ சந்தோஷத்துல அழற கண்ணீரு" என்றாள் சின்னம்மா. அதையும் சொன்னேன். சிக்ரிட்டின் பேனா காகிதத்தில் ஓடியது. அன்று மாலை பெண்கள் எல்லாரும் சோளம் உதிர்த்தபடி வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நானும்தான். ஒரு படித்த பெரிய பெண்ணை ஏமாற்றியதில் பதிமூன்று வயதில் என்ன குறைச்சல் சந்தோஷம்?

அந்த நீல நோட்டு 'இனிப்பு உண்ணும் மலை' என்ற புத்தகமாக வந்தது. கண்ணீருக்கு மட்டும் தனியாக ஓர் அத்தியாயம். எத்தனையோ நாட்டில் அதைப் பாடமாக வைத்திருக்கிறார்களாம். ஆராய்ச்சி தர்மப்படி பெயர்களை மாற்ற வேண்டும் என்று சாக்தோனை சான்தா லூஸ் ஆக்கியிருந்தார், அம்மாவை மார்த்தா ஆக்கியிருந்தார். என்னை எதுவும் ஆக்கவில்லை. முன்னுரையில் 'மொழியில் உதவிய ஒரு சிறுமி' என்று இருக்கிறேன்.

புத்தகத்தைத் தொடர்ந்து மாணவர்கள் வந்தார்கள். ஊர் எதுவென்று புத்தகத்தில் இல்லாவிட்டாலும் எப்படியோ மோப்பம் பிடித்து நாலைந்து பேராவது வருடா வருடம் வந்துவிடுவார்கள். அம்மாவும் சின்னம்மாவும் சலிக்காமல் மலையம்மா கதையைச் சொல்வார்கள். "இவ்வளவு தூரம் நடந்து வந்த பிள்ளைங்களை வெறுங்கையோட அனுப்பக்கூடாதுடி" என்பாள் அம்மா.

நான் என் ஆராய்ச்சித் திட்டத்தில் எழுத நினைத்தது அந்த அடுப்பைப் பற்றி. பதினோரு பெண்கள் சட்டத்துக்குத் தெரியாமல் ஒரு தொழிலைக் கட்டி, யார் எந்த நாள் விறகு, யார் எந்த நாள் காவல் என்று முறை வைத்து, நாற்பது பிள்ளைகளை வளர்த்த கதை. எந்த மலைத் தெய்வத்தையும்விட அது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. கலால் பயமெல்லாம் எப்போதோ போய்விட்டது. இப்போது சான் கிறிஸ்தோபலில் அதே போஷைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, படம் ஒட்டி, சுற்றுலாக்காரர்களுக்கு விற்கிறார்கள்.

அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

"கொமாத்ரெ முகத்துல கரி பூசணுமா? நாம சொன்னதை நம்பித்தானே அவங்க எழுதினாங்க?"

"அதுக்காக ஆயுசுக்கும் பல்லு இல்லாத அம்மாவைக் கட்டிக்கிட்டு அழணுமாம்மா?"

"பல்லு நான் சொல்லல. உன் சின்னம்மா சொன்னது."

நாலு மாதம் ஞாயிற்றுக்கிழமை தோறும் பேசிப் பேசித்தான் கரைந்தாள். அவள் கரைந்ததும் மற்றவர்களும் வாயைத் திறந்தார்கள். டேப் வேண்டாம், கையால் எழுதிக்கொள் என்றார்கள். சின்னம்மா, கலால்காரன் வந்த அன்று பானையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பிரசவ வலி என்று கத்தியதைச் சொன்னாள். அம்மா கொஞ்சம்தான் சொன்னாள். முதல் ஊறல் போட்ட நாளைப் பற்றிக் கேட்டபோது மட்டும், "அது பெரிய கதை. நீ உள்ள சேர்ந்துட்டு வா, முழுசா சொல்றேன்" என்றாள். பெயரை மாற்றவா என்று கேட்டேன்.

"மார்த்தாவாம் மார்த்தா! கேக்கவே பிடிக்கல. லொரென்சான்னே போடு. காய்ச்சினவ நான்தானே?"

அப்படியே போட்டேன். அம்மா பெயரைத் தட்டச்சு செய்துவிட்டு இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன். பெருமையில்தான், வேறென்ன.

சான் கிறிஸ்தோபலில் நேர்காணலுக்கு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பேசியதெல்லாம் டாக்டர் எவரார்தோ. சிக்ரிட்டின் மாணவராக இருந்தவர். எங்கள் பக்கத்து மலைக்காரர்கள் போடுகிற கம்பளிச் சட்டையைக் கோட்டுக்கு உள்ளே போட்டிருந்தார். இரு பக்கமும் மரியாதையாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

"உங்க நடை ரொம்ப நல்லா இருக்கு, பாஸ்குவாலா. ஆனா ஒரு சங்கடம். இந்தக் குகை, வியாழக்கிழமை, வெல்ல மூட்டை, கேன், இதெல்லாம் எங்க இருந்து எடுத்தீங்க?"

"எங்க ஊர்ல இருந்து."

"இது சான்தா லூஸ் ஊரோட சடங்கு. இந்தத் துறையில இருக்கிற எல்லாருக்கும் தெரியும். நீங்க உங்க ஊர்ப் பேரைப் போட்டு, சடங்கைச் சாராயமா மாத்தியிருக்கீங்க. மூலப் புத்தகத்தை எங்கயும் குறிப்பிடவும் இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கே சிரித்திருக்கக்கூடாது.

"ஐயா, சான்தா லூஸ்னு ஒரு ஊரே கிடையாது. அது மாத்தி வச்ச பேரு. உண்மையான ஊரு எங்க ஊருதான். மார்த்தான்னு வர்றது எங்கம்மா."

"அந்த ஊர் எதுன்னு அந்தப் புத்தகம் எழுதினவங்க வெளியில சொன்னதே இல்ல. சொல்லவும் கூடாது, அதுதான் தர்மம். அப்ப நீங்க சொல்றதை நாங்க எதை வச்சு நம்பறது?"

"நான்தான் கூட இருந்து மொழிபெயர்த்தேன்."

"உங்க பேரு புத்தகத்துல இல்லையே."

"அதான் சொல்றேனே, பேரையெல்லாம் மாத்திட்டாங்க. எனக்கு மாத்துப்பேரு கூட வைக்கல."

ஓரத்தில் இருந்த இளம் பேராசிரியை என்னைப் பாவமாகப் பார்த்தார். எவரார்தோ பேனாவை மூடித் திறந்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். பதினைந்து வருடமாக ஒரு புத்தகத்தை வகுப்பில் நடத்துகிறவரிடம் போய் அது ஒரு சின்னம்மாவின் கேலி என்றால் என்ன செய்வார்?

"ஒண்ணு சொல்றேன்" என்றார். "பதினஞ்சு நாள் தர்றேன். ஏற்கெனவே இருக்கிற ஆய்வுகளோட பேசற மாதிரி திருத்திக் கொண்டு வாங்க. டாக்டரா சிக்ரிட் இப்ப இந்த ஊர்லதான் இருக்காங்க. அவங்ககிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வந்தா எனக்கும் சுலபமா இருக்கும்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். எழுந்து போய் மாவு அளந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"ரொட்டி சுடணும். கொமாத்ரெ வீட்டுக்குப் பொய்யை ஒத்துக்கப் போறப்ப வெறுங்கையோட போவாங்களா? ரொட்டி ஒரு கூடை, போஷ் ஒரு புட்டி. மண்டி போட்டுக் கேக்கணும். இதை நான் அப்பவே செஞ்சிருக்கணும்."

"மண்டி எல்லாம் வேண்டாம்மா. அவங்களுக்கு இந்த முறையெல்லாம் தேவையில்ல."

"முறை அவங்களுக்கு இல்லடி. எனக்கு."

இரண்டு நாள் கழித்துக் காலையில் போனோம். சான் கிறிஸ்தோபலில் சிக்ரிட் வாடகைக்கு எடுத்திருந்த வீடு, முற்றத்தில் எலுமிச்சை மரம். சிக்ரிட்டுக்குத் தலை நரைத்திருந்தது. ஓடி வந்து கட்டிக்கொண்டார். எங்கள் மொழியில் அவருக்கு வணக்கமும் நலமும் வரும், அதற்கு மேல் வராது. உட்கார நாற்காலி போட்டார். அம்மா உட்காரவில்லை.

அம்மா சிக்ரிட்டைவிட ஏழெட்டு வயது மூத்தவள். எங்கள் முறைப்படி இளையவர்தான் குனிய வேண்டும், மூத்தவர் நெற்றியைத் தொட வேண்டும். அன்று அம்மா ரொட்டிக் கூடையையும் புட்டியையும் தரையில் வைத்து, மண்டியிட்டு, தலையைத் தாழ்த்தினாள்.

"கொமாத்ரெ, என் வாய் தப்பு பண்ணிடுச்சு, என் நாக்கு தப்பு பண்ணிடுச்சு. எங்க வீட்டுல தூங்கினீங்க, எங்க அடுப்புல சாப்பிட்டீங்க, உங்களுக்கு நான் பொய் சொன்னேன். மலைக்குள்ள யாரும் இல்ல. வெல்லம் சாராயத்துக்கு. என் பிள்ளைங்க பசிக்கு. இத்தனை வருஷம் மனசுல கல்லா கிடந்துச்சு, நெஞ்சுல முள்ளா கிடந்துச்சு. மன்னிச்சுக்குங்க."

நான் மொழிபெயர்த்தேன். சிறு வயதில் செய்த வேலைதான். அம்மா மண்டியிட்டு நான் பார்த்ததே இல்லை. கோவிலில்கூட அவள் முழங்கால் வலி என்று உட்கார்ந்துகொள்வாள்.

சிக்ரிட் அவள் நெற்றியைத் தொடவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்புதான், பழைய குறும்பு ஞாபகம் வந்தால் வருமே, அது.

"லொரென்சா இன்னுமா இதை மனசுல வச்சிருக்கா? எனக்குத் தெரியும் பாஸ்குவாலா. வந்த மூணாவது மாசமே தெரியும். அந்தக் குகைப் பக்கம் ஒரு தடவை போயிட்டு வந்தேன், என் சட்டை பூரா ஊறல் நாத்தம். மூக்கு இருக்கிற யாருக்கும் தெரியும்!"

மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு நானே கேட்டேன். "அப்புறம் ஏன் அப்படி எழுதினீங்க?"

"எழுதியிருந்தா என்ன ஆயிருக்கும், யோசிச்சியா? கலால்காரன் புத்தகத்தைக் கையில வச்சுக்கிட்டு மலையேறியிருப்பான். உங்கம்மா ஜெயில்ல கிடந்திருப்பா. நான் உங்களைக் காப்பாத்தினேன்."

அது உண்மை. பாதி உண்மை. முழுப் பொய்யைப் பிடித்து உலுக்கலாம், பாதி உண்மையிடம் என்ன செய்ய முடியும்?

"காப்பாத்தறதுன்னா எழுதாமலே விட்டிருக்கலாமே, டாக்டரா."

"எழுதாம எப்படி? அதுக்குத்தானே வந்தேன்?" சிக்ரிட் சிரிப்பை நிறுத்திவிட்டார். "இங்க பாரு. சாராயம் காய்ச்சற ஏழைப் பெண்கள் உலகம் பூரா இருக்காங்க. அதை யாரு படிப்பா? மலைக்கு இனிப்பு ஊட்டற பெண்கள் இங்க மட்டும்தான். உங்கம்மா எனக்குக் குடுத்தது பொய் இல்ல, அது ஒரு பரிசு. அதைப் போய் இப்ப உடைக்கணுமா? உனக்குப் படிக்க இடம் வேணும், அவ்வளவுதானே? கடிதம் நாளைக்கே தர்றேன். நீ உன் திட்டத்துல அந்தக் குகையை இருந்த மாதிரியே வச்சிடு. இடம் கிடைக்கும்."

அம்மா இன்னும் மண்டியில்தான் இருந்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "என்ன சொல்றாங்க?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உன்னைப் பார்த்து முதலிலிருந்தே சிரித்துக்கொண்டிருந்தாராம், நீ ஏமாற்றியதாக நினைத்தாய், ஏமாந்தது நீதானாம் என்றா? என் பதினைந்து நாளில் பன்னிரண்டு நாள் பாக்கி இருந்தது. கடிதம் நாளைக்கு வரும்.

"மன்னிச்சுட்டாங்களாம்மா" என்றேன். "சந்தோஷமாம். நீ ஒத்துக்கிட்டதே பெருசாம்."

அம்மா சிக்ரிட்டின் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்தாள். சிக்ரிட் எலுமிச்சைச் சாறு கொடுத்தார், ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டு ஆஹா என்றார், போஷில் இரண்டு மடக்கு குடித்தார். அம்மா எதையும் தொடவில்லை.

திரும்பி வரும் வேனில் காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். மலைப் பாதை ஆரம்பிக்கும்போதுதான் பேசினாள்.

"ரொம்பச் சிரிச்சு மன்னிச்சாங்க, இல்லடி?"

முப்பது வருடம் சான் கிறிஸ்தோபல் சந்தையில் ஸ்பானிஷ் பேசுகிறவர்களிடம் முட்டைக்கோசு விற்றவள் அவள். பேச வராதே தவிர, 'எனக்குத் தெரியும்' என்கிற இரண்டு வார்த்தை அவளுக்குப் புரியாது என்று நான் எப்படி நினைத்தேன்?

திருத்தத்தை ஒரே மதியத்தில் முடித்தேன். பள்ளிக் கணினியில் ஒரு வசதி உண்டு; ஒரு சொல்லைக் கொடுத்து இன்னொரு சொல்லைக் கொடுத்தால் எல்லா இடத்திலும் தானே மாற்றிவிடும். சாக்தோன் போய் சான்தா லூஸ் வந்தது. ஊறல் போய்ப் படையல் வந்தது. லொரென்சா இருந்த இடமெல்லாம் மார்த்தா. 'என் அம்மா' என்று முப்பத்தொரு இடத்தில் எழுதியிருந்தேன். முப்பத்தொரு இடத்திலும் 'தகவலாளி' என்று மாறியது. எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு இருமல் இருமுவதற்குள் முடிந்துவிட்டது. சின்னம்மா பானைமேல் உட்கார்ந்து பிரசவ வலி என்று கத்தியது எதற்குள்ளும் பொருந்தவில்லை. அதை எடுத்துவிட்டேன்.

எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. முதலில் உள்ளே போகலாம். உள்ளே போய்விட்டால் ஆய்வேடு என் கையில். அப்போது அம்மா தன் வாயால் சொல்வதைப் பதிவு செய்து, உண்மையை உண்மை என்றே எழுதிக்கொள்ளலாம். அப்போது யார் என்ன செய்துவிட முடியும்? உள்ளே போக நினைக்கிற எல்லாரும் இப்படித்தான் தங்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள் போலிருக்கிறது.

சிக்ரிட் சொன்னபடி கடிதம் கொடுத்தார். 'என் நீண்ட கள ஆய்வில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த தகவலாளிகளில் பாஸ்குவாலாவும் ஒருவர்' என்று ஆரம்பித்தது. மொழிபெயர்த்தது, உதவியாளர், எதுவும் அதில் இல்லை. அதையும் சேர்த்துக் கொடுத்தேன். எவரார்தோ படித்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இப்பதான் பாஸ்குவாலா, உங்க சொந்தக் குரல் கேக்குது" என்றார்.

பட்டியலில் என் பெயர் ஆறாவதாக இருந்தது. உதவித்தொகையும் கிடைத்தது. ஊரில் வாழ்த்துச் சொன்னார்கள். சின்னம்மா மட்டும் கேட்டாள், "என் பேரு போட்டியாடி? மானுவேலான்னு?"

"அது ஆய்வேட்டுல வரும் சின்னம்மா. இது வெறும் விண்ணப்பம்தானே."

"அப்ப திரும்பவும் மார்த்தாதான்னு சொல்லு" என்றாள். அம்மா அடுப்பில் ரொட்டிக்கல்லைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். காதில் விழாத மாதிரி இருந்தாள்.

முதல் பருவம் முடிந்ததும் களப்பணிக்கு அனுப்பினார்கள். எல்லாருக்கும் ஒரு ஒலிப்பதிவுக் கருவியும், பேட்டி தருபவர் கையெழுத்துப் போட ஒரு படிவமும் கொடுத்தார்கள். மற்றவர்கள் எந்த ஊருக்குப் போவது, யாரைப் பிடிப்பது என்று தவித்தார்கள். நான் வேன் ஏறி வீட்டுக்குப் போனேன்.

பொருளாதாரம், பெண்கள், தலைமறைவுத் தொழில் என்று பாடத்தில் படித்ததெல்லாம் தலையில் இருந்தது. முதல் ஊறல் போட்ட நாளைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். அப்பா காப்பித் தோட்டத்துக்குப் போன வருடத்தில் நடந்தது அது. யாரிடம் கற்றாள், யார் குழாய் வாங்கிக் கொடுத்தார்கள், பயந்தாளா, அழுதாளா, எதுவும் எனக்குத் தெரியாது. அன்று அங்கே இருந்தவர்களில் இப்போது உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான். சின்னம்மாவே இரண்டு வருடம் கழித்துத்தான் சேர்ந்தாள்.

அம்மா வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சின்னம்மா. நான் மணைக்கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கருவியை வெளியே எடுத்தேன். அம்மா கையைத் துண்டில் துடைத்தாள். தலையில் துணியைச் சரி செய்துகொண்டாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வாங்க, டாக்டரா" என்றாள். "தூரத்துல இருந்து வந்திருப்பீங்க. களைப்பா இருக்கும்."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். "அம்மா, நான்தாம்மா."

"தெரியுதுங்க. மெஷினைப் போடுங்க. போட்டாத்தானே உங்களுக்குப் பாடம்?"

சின்னம்மா சிரிப்பாள் என்று அவள் பக்கம் திரும்பினேன். அவள் அவரைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கருவியைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

"முதல் ஊறல் போட்ட நாளைச் சொல்லும்மா. சொல்றேன்னு சொன்னியே."

"ஊறலா? அதெல்லாம் எங்க ஊர்ல கிடையாதுங்க. யாரோ உங்களுக்குத் தப்பாச் சொல்லியிருக்காங்க. மலைக்குள்ள எங்களுக்கு ஒரு அம்மா இருக்கா. அவளுக்கு இனிப்பு ஊட்டணும்."

"அம்மா, போதும்மா. நான் பண்ணினது தப்புதான். கால்ல விழறேன், நிறுத்தும்மா."

"நிறுத்தக்கூடாதுங்க. பாதியில நிறுத்தினா அவ கோவிச்சுக்குவா. என் வீட்டுக்காரர் ஒரு வருஷம் வெல்லம் கொண்டு போக மறந்துட்டாரு. மலையம்மா அவரை உள்ள இழுத்துக்கிட்டா. அதான் அவரு திரும்பி வரவே இல்ல. எனக்கு ஒரு பொண்ணு இருந்தா. நல்லா ஸ்பானிஷ் பேசுவா. அவளையும் இழுத்துக்கிட்டா."

குரலில் கோபம் இல்லை. வருகிற மாணவர்களிடம் பேசுகிற அதே பொறுமையான, மரியாதையான குரல். சொல்லிக்கொண்டே போனாள். பல் இல்லாதது, மழை, சோளம், கண்ணீர், ஒன்றையும் விடவில்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. எனக்குக் கண் மறைத்தது. முடித்துவிட்டு, படிவத்தைத் தானே கேட்டு வாங்கி, கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தாள்.

"மார்த்தான்னு போட்டுக்குங்க" என்றாள். "எல்லாம் எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டேன்" என்றேன்.